கடலோரக் கேள்விகள்: கறுப்பனோடு கோணேசரை நோக்கி

இம்முறை வந்த கடிதங்களுள் ஒன்று இப்பகுதியின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டுவிட்டது. அதைச் சில வரிகளில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்ட இருவரும், அவர்களோடு வாய் பேசாத ஓர் உயிரும், இந்தப் பதிலை நம்பிக் கடலில் இறங்கப் போகிறார்கள். ஏனைய கேள்விகளும் படகையும் நாயையும் கரையோரப் பயணத்தையுமே தொட்டு வந்தமையால் அவற்றையும் இதனோடு சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நானும் கணவரும் முல்லைத்தீவு கள்ளப்பாட்டில் வசிக்கிறோம். கணவர் முப்பது வருடங்கள் கடற்றொழில் செய்தவர். பிள்ளைகள் இருவரும் வெளியிடங்களில் இருக்கிறார்கள். வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் 18 அடி ஃபைபர் படகில் கரையோரமாகவே தெற்கே போய், திருகோணமலையில் கோணேசரைக் கும்பிட்டு வர எண்ணியிருக்கிறோம். எங்கள் நாய் கறுப்பனையும் கூட்டிச் செல்ல வேண்டும். அதற்கு ஏழு வயது. 2009 மாசியில் தேவிபுரத்திலிருந்து வெளிக்கிட்டபோது அப்போது வளர்த்த நாயை அவிழ்த்துவிட்டுப் போனோம். அது பதுங்குகுழிக்கு மேலே நின்று நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இனி ஒரு நாயையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று கணவர் அன்றே சொல்லிவிட்டார். ஒரே நாளில் போய்ச் சேரலாம் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, கள்ளப்பாடு

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் திட்டத்தில் நான் முதலில் மாற்றச் சொல்வது மாதத்தை. தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, அந்த உப்புநீரில் வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரித்து, வைகாசிப் பொங்கல் முடிகின்ற நாட்களில் எங்கள் பக்கம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வலுத்துவிடும். அப்போது கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் குளம்போலத் தெரியும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழுவதற்கு இடமில்லை. ஆபத்து அந்த அமைதிக்குள்தான் இருக்கிறது. இயந்திரம் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. அது நின்ற கணத்திலிருந்து காற்று படகைக் கிழக்கே தள்ளத் தொடங்கும், கரை விலக விலக அலையும் பெரிதாகும், அதற்கப்பால் இருப்பது வங்காள விரிகுடா. உங்கள் கணவர் இதனை நன்றாக அறிந்திருப்பார். ஆனால் தொழிலுக்குப் போகும்போது கூப்பிடு தூரத்தில் பத்துப் படகுகள் நிற்கும். பயணம் போகும்போது அப்படி நிற்பதில்லை.

வாடைக் காலமும் உதவாது. கார்த்திகை முதல் தை வரை அலை நேராகக் கரையில் வந்து உடையும். படகு தெற்கே ஓடுவதற்குக் காற்றுத் துணை செய்தாலும், நினைத்த இடத்தில் கரையேற முடியாது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே இதே கரையைத்தான் கடந்து வந்தது. எனவே வாடை ஓய்ந்து கச்சான் எழாத இடைவெளியை, அதாவது பங்குனி நடுப்பகுதியிலிருந்து சித்திரை முற்பகுதி வரையான நாட்களை, எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில் விடியற்புறம் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏறியபின் கடற்காற்று கரையை நோக்கி வீசும். இயந்திரம் பழுதானாலும் அது உங்களை வீட்டுப் பக்கம்தான் தள்ளும். பிற்பகலில் இடிமழை வருவதுண்டு என்பதனால், காலை பத்து மணிக்குள் கரையேறிவிடுவது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்கு நாளாந்தம் எதிர்வுகூறல் வெளியிடுகிறது. அதில் காற்று மணிக்கு 30 கி.மீ. ஐத் தாண்டும் என்று இருந்தால் நான் அன்று படகைத் தள்ளமாட்டேன். அத்தகைய காற்றில் தொழிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் போயே தீரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

நான் மாற்றச் சொல்லும் இரண்டாவது விடயம் ஒரே நாளில் போவது என்ற கணக்கு. முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்குக் கடல்வழியே ஏறத்தாழ 90 கி.மீ. மணிக்கு 15 கி.மீ. ஓடினாலும் ஆறு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று கணவர் சொல்வது கணக்கில் சரிதான். ஆனால் கறுப்பன் படகில் ஏறிய பிறகு அந்தப் பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது இயந்திரம் அல்ல, அந்த நாய்தான். வீட்டில் ஒழுங்காக வளர்ந்த நாய், எவ்வளவு முட்டினாலும், படகுக்குள் சிறுநீர் கழிக்காது, அடக்கிக்கொண்டே இருக்கும். வெயிலில், ஆட்டத்தில், இரைச்சலில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நாயை வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை. ஆகவே நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சிலாவத்தை, அளம்பில், செம்மலையைக் கடந்து கொக்கிளாய்க் கரை வரை 30 கி.மீ. சற்றுக் கூடும். நாயாற்றடியில் ஒருமுறை கரைதட்டி நாயை இறக்குங்கள். இரண்டாம் நாள் அங்கேயே தங்குங்கள். நாய் முதல் நாள் ஆட்டத்திலிருந்து தெளிவதற்கு அந்த ஒரு நாள் வேண்டும். மூன்றாம் நாள் புல்மோட்டை, திரியாய்க் கரைகளைக் கடந்து குச்சவெளி. அது 25 கி.மீ. அளவில் வரும். நான்காம் நாள் நிலாவெளியில் இளைப்பாறித் திருகோணமலை. கரையோரம் எங்கும் மீனவக் கிராமங்கள் இருப்பதால் இரவு தங்க இடம் கிடைக்கும். முதலில் அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தவரிடமோ கரைவலைச் சம்மாட்டியிடமோ (வலையின் உரிமையாளரிடமோ) பேசி, படகை எங்கே இழுத்து வைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். கரைவலைக் காலம் அதுவென்பதால் வலைக்கயிறுகள் கரையிலிருந்து வெகுதூரம் வெளியே போயிருக்கும். மிதப்புகளைக் கண்டால் அவற்றுக்கு வெளிப்பக்கமாகவே சுற்றிப் போக வேண்டும். ஒரு கயிறு உங்கள் இயந்திரத்தின் விசிறியில் சிக்கினால் உங்கள் பயணமும் கெடும், நாற்பது பேரின் அன்றைய பாடும் கெடும்.

நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தொடுவாய்க்குள் படகைச் செலுத்தாதீர்கள். களப்பும் கடலும் தொடுகின்ற வாய் என்பதாலேயே அதற்கு அந்தப் பெயர். கொக்குத்தொடுவாய் என்ற ஊரின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. மாரியில் வெள்ளம் உடைத்துத் திறக்கும் அந்த வாயைக் கோடையில் மணல் திரும்பவும் அடைக்கும். ஆகவே போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் முழங்கால் அளவாக இருக்கலாம், அதன்மேல் அலை உடைந்துகொண்டிருக்கலாம். பின்னலை படகின் பின்னணியத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் 18 அடிப் படகு கவிழ்வதற்கு ஒரு கணம் போதும். கடற்பக்க மணலிலேயே ஏறுங்கள். நாயைக் களப்புக் கரையில் நீர் குடிக்கவும் விடாதீர்கள். களப்புகளில் முதலைகள் உண்டு, அவை நாய்க்கே முதலில் குறிவைக்கும். இன்னொன்றும் உண்டு: கொக்கிளாய்க் களப்பு 1951 இலிருந்து பறவைகள் சரணாலயம். மணலில் முட்டையிடும் பறவைகளுக்கு ஓடித்திரியும் ஒரு நாய் பெருந்தொல்லை. கயிறு கையில் இருக்கட்டும்.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் எங்கள் நாய் சிங்கனும் இதே வழியில் போனோம். வீதியோரக் கடையொன்றில் கலனில் வாங்கிய மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. புல்மோட்டைக்குச் சற்று வடக்கே இயந்திரம் இருமி நின்றது. அன்று காற்று மேற்கிலிருந்து வந்தது. நங்கூரத்தைப் போடலாம் என்று உடனே நினைக்காமல், பிளக்கைக் கழற்றித் துடைப்பதிலும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதிலும் அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டேன். பிறகு நங்கூரத்தைப் போட்டபோது கயிறு நிலத்தைத் தொடவில்லை. இரண்டு மணித்தியாலம் மிதந்தோம். வலை இழுத்துத் திரும்பிய ஒரு படகு எங்களைக் கண்டு கட்டியிழுத்துக் கரைசேர்த்தது. அன்று நான் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது: இயந்திரம் நின்றால் முதலில் நங்கூரம், அதற்குப் பிறகே பழுது பார்ப்பது. நீங்கள் ஓடும் ஆழத்தைப் போல ஐந்து மடங்கிற்குக் குறையாத கயிறு படகில் இருக்க வேண்டும். கரையிலிருந்து ஒரு கி.மீ. அளவில் ஓடினால் அது போதும். முல்லைத்தீவுப் பக்கம் கடலடித் தளம் நெடுந்தூரம் ஆழமற்றுக் கிடப்பதால் நங்கூரம் பிடிக்கும். தெற்கே போகப் போக அந்தத் தளம் ஒடுங்கி, திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நீலத்திமிங்கிலங்கள் அங்கே கரைக்குக் கிட்டவாகத் தெரிவதும் அந்த ஆழத்தினால்தான். அவ்விடத்தில் நங்கூரக் கயிறு உங்களுக்கு உதவாது. ஆகவே நிலாவெளிக்குப் பின் கரையை மேலும் நெருக்கிப் பிடித்து ஓடுங்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, வேறொருவர் சொல்லும் கணக்கை நம்பாமல், இருவரையும் நாயையும் சாமான்களையும் ஏற்றி ஒரு மணித்தியாலம் ஓடிப்பார்த்து, தாங்கி எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைத்திருப்பதற்கு. துணியால் வடித்து ஊற்றுங்கள். மேலதிகமாக ஒரு பிளக், விசிறிக்கான ஆணி, திறப்புகள், இரண்டு துடுப்புகள், பொலித்தீன் பையில் சுற்றிய தொலைபேசி, ரோச் லைற், உடுப்புக்கு மேலே எந்நேரமும் போட்டிருக்கின்ற உயிர்காப்பு அங்கி. முப்பது வருடம் கடலுக்குப் போன ஆண்கள் அங்கி போடுவதை வெட்கமாக நினைப்பதை நான் அறிவேன். சகோதரி, இந்த ஒன்றில் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கறுப்பனுக்கு வருகிறேன். நாய் உடம்பால் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தும் பாதங்களால் சிறிதளவும்தான் தன் சூட்டைத் தணிக்கும். அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 41 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அதிலும் கறுப்பு நாய் வெயிலை அதிகம் வாங்கும். படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில், சாக்கினால் அல்லது தென்னோலைக் கிடுகினால் ஒரு நிழல் கட்டுங்கள். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) இருத்தினால் அடிக்கும் அலையில் தூக்கி எறியப்படும். பின்னணியத்தில் இயந்திரப் புகையும் விசிறியும் இருக்கின்றன. ஃபைபர் தளம் வெயிலில் கொதிக்கும், ஈரத்தில் வழுக்கும். பழைய வலையை மடித்து, அதன்மேல் தும்புத் தடுக்கைப் போட்டால் நகம் ஊன்றப் பிடி கிடைக்கும். மண்ணெண்ணெய் சிந்தினால் உடனே துடையுங்கள். நாய் அதில் மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

நல்ல தண்ணீரைப் பற்றி அலட்சியம் வேண்டாம். 15 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். கடலில் வெயில் நாளில் இரண்டு லீற்றர் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தாகத்தில் இருக்கும் நாய் கடல்நீரைக் குடிக்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், சிறிது குடித்தால் வயிற்றோட்டம் வரும். அதிகம் குடித்தால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். நாக்கு வெளியே தொங்கி, பல்முரசு கடும் சிவப்பாகி, எச்சில் தடித்துக் கயிறுபோல வழிந்தால் அது சூடு ஏறியதன் அடையாளம். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, அருகிலுள்ள கரைக்கு ஓடுங்கள். அந்த நேரத்தில் கோணேசரும் காத்திருப்பார்.

நாயைக் கழுத்துப்பட்டியில் கட்டிப் படகோடு பிணைக்க வேண்டாம். எங்கள் சிங்கனை நான் அப்படித்தான் கட்டியிருந்தேன். செம்மலைக்கு வெளியே ஓங்கில் (டொல்பின்) கூட்டமொன்று படகோடு சேர்ந்து துள்ளி வந்தபோது அவன் மகிழ்ச்சியில் பாய்ந்துவிட்டான். கயிறு கட்டையாக இருந்ததால் தண்ணீரில் விழாமல் படகின் விளிம்பில் கழுத்தால் தொங்கினான். என் மனைவி இரு கைகளாலும் தூக்கியிருக்காவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும். அவன் அதன்பின் ஐந்து வருடம் வாழ்ந்தான். ஆனால் அந்தக் காட்சி இன்றும் என் நித்திரையில் வருகிறது. நெஞ்சையும் முதுகையும் சுற்றி அணிகின்ற பட்டியும், முதுகில் கைப்பிடி வைத்த நாய் உயிர்காப்பு அங்கியும் வாங்குங்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டிவரலாம்; கிடைக்காவிட்டால் சிறுவர் அங்கியொன்றைத் தையற்காரரிடம் கொடுத்து வெட்டித் தைப்பிக்கலாம். கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று, அதை அணிவித்து நாயைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். நீச்சல் தெரிந்த நாய்தானே என்று நினைக்காதீர்கள். நீந்தத் தெரிந்த நாய்க்கும் வழுவழுப்பான படகின் பக்கத்தில் ஏறத் தெரியாது. அங்கியின் கைப்பிடியைக் கையில் பிடித்திருப்பதே போதும், கயிறு வேண்டுமானால் ஒரே இழுவையில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். படகு கவிழ்ந்தால் பிணைத்த நாய் பிணைத்தபடியே போய்விடும்.

கரையேறும் இடங்களில் மூன்று விடயங்களுக்குப் பயப்படுங்கள். வலையிலிருந்து எறியப்பட்டுக் காய்ந்து கிடக்கும் பேத்தை மீன் முதலாவது. அதன் நஞ்சு காய்ந்தாலும் சமைத்தாலும் போவதில்லை, ஒரு கடி போதும். மணலில் புதைந்த தூண்டில் முள்ளும் கெளுத்தி முள்ளும் அடுத்தவை. மூன்றாவது, புல்மோட்டைப் பக்கத்து மணல். இல்மனைற் கனிமம் கலந்த அந்தக் கருமணலின் பெருமையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நண்பகலில் அது அடுப்புக்கல்லைப் போலச் சுடும். உங்கள் புறங்கையை மணலில் வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் நாய் அதில் நடக்கக் கூடாது. பற்றைக்காட்டுப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை ஏதும் கண்டால், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், நாயை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். வன்னியில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

நிலாவெளிக்கு நேரே தெரியும் புறாத்தீவில் இறங்க ஆசை வரும். அது 2003 இலிருந்து தேசியப் பூங்கா. வளர்ப்பு விலங்குகளைக் கொண்டு செல்ல அனுமதியில்லை. சுற்றிலும் முருகைக்கற் பார் இருப்பதால், வழி தெரியாமல் படகை நெருக்கினால் பாருக்கும் சேதம், படகுக்கும் சேதம். வெளியே நின்று பார்த்துவிட்டுப் போங்கள். திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குள் நுழையாமல் நகரத்துக் கடற்கரையிலேயே ஏறுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்றிக் கோட்டைக்குள்ளால் போகிறது. அங்கே புள்ளிமான்கள் கட்டின்றித் திரிகின்றன. கறுப்பன் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் மானைக் கண்டால் நாய் நாய்தான். எனவே ஒருவர் நாயோடு கடற்கரையில் இருக்க, மற்றவர் போய்க் கும்பிட்டு வாருங்கள், பிறகு மாறிக்கொள்ளுங்கள். சம்பந்தர் பாடிய தலத்தை இருவரும் சேர்ந்து கும்பிட முடியாமற் போவது குறையாகத் தோன்றினால், காலைப் பூசைக்கு நீங்களும் மாலைப் பூசைக்கு அவரும் என்று வைத்துக்கொண்டு, இடையில் உள்ள நேரத்தை மூவருமாகக் கடற்கரை நிழலில் கழியுங்கள். தேவிபுரத்தில் விட்டுவந்த அந்த நாயின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதையும் இங்கே சேர்த்திருப்பேன்.

கேள்வி: மீன்பிடிப் படகில் மீன் பிடிக்காமல் குடும்பமாகப் பயணம் போனால் கடற்படையினர் மறிப்பார்களா?
— வாசகர், மாங்குளம்

பதில்: மறித்துக் கேட்பார்கள், கேட்பது அவர்களுடைய கடமை. படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும், பதிவிலக்கம் படகில் தெளிவாகத் தெரிய வேண்டும். புறப்படுவதற்கு முன்னரே மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்குப் போய், எத்தனை பேர், எங்கே எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, இந்தப் பயணத்துக்கு வேறு அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பிரதியொன்றை அருகிலுள்ள கடற்படை முகாமில் காட்டுங்கள். தேசிய அடையாள அட்டைகளோடு நாயின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் வைத்திருங்கள். அந்த ஊசி வருடாவருடம் போடப்பட வேண்டியது. ஊரில் ஒரு நம்பிக்கையானவரிடம் ஒவ்வொரு நாளும் கரையேறியதும் அழைப்பதாகச் சொல்லி, குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் 119 க்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் நாய்க்குட்டி படகில் ஏறியதும் வாந்தி எடுக்கிறது. மனிதருக்குப் பேருந்துப் பயணத்தில் கொடுக்கும் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. அளவு தவறினால் ஆபத்து. அதைவிட, நாய்க்கென்றே மரோபிற்றன்ற் என்ற மருந்து இருக்கிறது, அரச கால்நடை வைத்தியரிடம் எடையைச் சொல்லிக் கேட்கலாம். காய்ச்சலுக்கும் நோவுக்கும் நாங்கள் விழுங்கும் மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது, குறிப்பாக ஐபுப்ரொபன். குட்டிகளுக்குக் கடலாட்டம் அதிகம் பிடிக்கும். வளர வளரப் பலவற்றுக்கு அது தணிந்துவிடுகிறது. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, எச்சில் வடிப்பது ஆகியவை வாந்திக்கு முன் வரும் அடையாளங்கள். ஏறுவதற்கு நான்கைந்து மணித்தியாலத்துக்கு முன் சோற்றை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சிலாவத்துறையில் இருக்கிறோம். குதிரைமலை வழியாகக் கற்பிட்டிக்கு நாயோடு படகில் போக நினைக்கிறோம். கிழக்குக் கரைக்குச் சொல்லும் மாதம் எங்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், மன்னார்

பதில்: பங்குனி உங்களுக்கும் பொருந்தும், ஆனால் காரணம் வேறு. உங்கள் கரையில் வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று நேராகக் கடலிலிருந்து வந்து அடிக்கும், கரையோரமே கொந்தளிக்கும். ஆகவே அதற்கு முன் போய்த் திரும்பிவிட வேண்டும். உங்களுக்குள்ள பெரிய இடர் காற்றல்ல, கரை. முள்ளிக்குளத்துக்குத் தெற்கே குதிரைமலை உட்பட நெடுந்தூரக் கரை வில்பத்து தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறது. 1938 இலிருந்து பூங்காவாக இருக்கும் அந்தக் கரையில் நாயை இறக்க முடியாது. இறக்கினால் சட்டப்படியும் குற்றம், கரடியும் சிறுத்தையும் உலவும் காட்டில் நாய்க்கும் ஆபத்து. இயற்கைக் கடனுக்கும் இறக்க முடியாத பல மணி நேர ஓட்டத்துக்கு உங்கள் நாய் பழகியிருக்காவிட்டால், அதற்கு ஒரு பெட்டியில் மணல் நிரப்பி, வீட்டு முற்றத்திலேயே இரண்டு வாரம் அதில் பழக்கிய பின்னர் படகில் வையுங்கள். கடற்புல் படர்ந்த ஆழமற்ற பகுதிகளில் மெதுவாக ஓடுங்கள். அவை ஆவுளியா (கடற்பசு) மேயும் இடங்கள், விசிறி பட்டால் அவை பிழைப்பதில்லை.

கேள்வி: கடலில் நாய்க்கு என்ன வேலை ஐயா? எங்கள் மூத்தவர்கள் ஒருவரும் நாயைப் படகில் ஏற்றியதில்லை. மனிதருடைய ஆசைக்காக அதை வதைப்பது சரியா?
— வாசகர், வவுனியா

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. தொழிலுக்குப் போகும் படகில் நாய்க்கு இடமில்லை என்பது உண்மை. வலையும் தூண்டிலும் முள்ளும் நிறைந்த இடம் அது. ஆனால் தன் மனிதர் இல்லாத வீட்டில் நான்கைந்து நாட்கள் பட்டினி கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நாய்க்கு வதைதான். எது குறைந்த வதை என்பதை நாங்கள் வாதிட்டுத் தீர்மானிக்க முடியாது. நாயையே கேட்க வேண்டும், அதற்கு வழியும் உண்டு. கரையில் இழுத்துவைத்த படகுக்குள் சில நாட்கள் அதற்குச் சோறு வையுங்கள். பிறகு இயந்திரத்தை ஓடவிடாமல், துடுப்பால் மட்டும் கரையோரம் அரை மணித்தியாலம் போய் வாருங்கள். அதன்பின் இயந்திரத்தோடு ஒரு மணித்தியாலம், இன்னொரு நாள் இரண்டு மணித்தியாலம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் சில நாட்கள் விடுங்கள். கடைசித் தடவை படகடிக்குப் போகும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு தானே ஏறினால் அது சம்மதம். வாலை ஒடுக்கி, உடல் நடுங்கி, காலை ஊன்றிக்கொண்டு பின்வாங்கினால் அதுவும் பதில்தான். தூக்கிப் போட்டு ஏற்றக் கூடாது. கள்ளப்பாட்டுச் சகோதரிக்கும் இதையே சொல்கிறேன். கறுப்பன் மறுத்தால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை: கடல் தெரிந்த இன்னொருவரைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு உங்கள் கணவர் கடலால் வரட்டும், நீங்கள் கறுப்பனோடு ஒரு முச்சக்கர வண்டி பிடித்துத் தரையால் போய், கொக்கிளாய்க் கரையில் சோற்றுப் பொதியோடு காத்திருங்கள். படகின் இரைச்சல் கேட்டதும் முதலில் எழும்புவது கறுப்பனாகத்தான் இருக்கும்.